தமிழ்ல கவுன்சிலிங் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டாக்டர்ஸ், கவுன்சிலர்ஸ்,

உங்ககிட்ட ஒருத்தர் வந்து தயங்கித் தயங்கி, "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுதான் கட்டிப்போடுறது, அடிக்கிறதெல்லாம் பண்றோம், அப்போ மனசு எங்கயோ போயிடுது"ன்னு சொன்னா, தயவுசெஞ்சு முதல் கேள்வியா "சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா"ன்னு கேக்காதீங்க. என் ஃப்ரெண்டுகிட்ட அப்படித்தான் கேட்டாங்க, அதோட அவ கவுன்சிலிங் பக்கமே போகல.

உலக சுகாதார அமைப்போட நோய்ப் பட்டியலான ஐசிடி-11 2022 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, அதுல சம்மதத்தோட நடக்குற சேடோமசோகிசம், அதாவது வலி கொடுத்தும் வாங்கியும் இன்பம் காண்றது, நோயாவே இல்ல, சம்மதிக்காதவங்களுக்கு வலி கொடுக்குறதுதான் இருக்கு. இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நான் சொல்ல வந்தது அந்த "எங்கயோ போயிடுது"ங்கிறதப் பத்தி.

அமெரிக்கால நார்தர்ன் இல்லினாய் யுனிவர்சிட்டில உளவியல் ஆராய்ச்சியாளர் பிராட் சகாரின் குழு இத அளந்தே பாத்திருக்காங்க. இதுல கட்டுறது, அடிக்கிறதுன்னு செய்றவங்க டாப், அத ஏத்துக்குறவங்க பாட்டம். ரெண்டு ரோலும் பண்றவங்க 14 பேர எடுத்து, யாரு டாப் யாரு பாட்டம்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு விட்டாங்க, அதனால "அவங்க சுபாவமே அப்படி"ன்னு தள்ளிவிட முடியாது. அப்புறம் ஸ்ட்ரூப் டெஸ்ட், அதாவது "சிவப்பு"ங்கிற வார்த்தை நீல மையில இருக்கும், மையோட கலர சொல்லணும், அதுல பாட்டமா இருந்தவங்க தடுமாறினாங்க. நெத்திக்குப் பின்னாடி இருக்குற, திட்டம் போட்டு எடைபோட்டுப் பாக்குற மூளைப் பகுதி கொஞ்ச நேரம் அடங்கிப் போகுதுன்னு மூளை ஆராய்ச்சியாளர் ஆர்னே டீட்ரிக் 2003ல சொன்னதோட இது ஒத்துப்போகுது, நீண்ட தூரம் ஓடுறவங்களுக்கு வர்ற நிலைக்கும் அவர் அதே விளக்கம்தான் கொடுத்தார். டாப்பா இருந்தவங்களுக்கு வந்தது ஃப்ளோ, செய்ற வேலையிலயே முழுசா மூழ்கிடுற நிலை. 14 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கைதான், ஆனா கேட்ட கேள்வி ரொம்ப சரியானது.

மொரீஷியஸ்ல நம்ம தமிழ் ஆளுங்க அலகு குத்தி காவடி எடுக்குறத மானுடவியல் ஆராய்ச்சியாளர் ஸிகலாடாஸோட குழு ஆராய்ஞ்சு 2013ல எழுதினாங்க, வலி அதிகமா பட்டவங்க கோயிலுக்கு அதிகமா கொடுத்தாங்களாம். அது பக்தி, இது வேற, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா விரும்பி ஏத்துக்கிட்ட வலியும் திணிச்ச வலியும் மனசுக்கு வேற வேறங்கிறத தைப்பூசம் பாத்து வளந்த நமக்குப் புரியவைக்கவா வேணும்?

இப்போ முக்கியமான விஷயம். எடைபோடுற பகுதியே அடங்கிக் கிடக்குற நேரத்துல ஒருத்தர்கிட்ட "இன்னும் கொஞ்சம் போலாமா"ன்னு கேட்டா, அவங்க சொல்ற "சரி"ய நம்பக் கூடாது. எல்லை, சேஃப்வேர்ட் (சொன்னதும் எல்லாத்தையும் நிறுத்தணும்னு வச்சுக்குற வார்த்தை) எல்லாம் முன்னாடியே பேசி முடிக்கணும், நடுவுல புதுசா எதையும் சேர்க்கக் கூடாது. சேஃப்வேர்ட் சொல்லக்கூட தோணாத அளவுக்கு போயிடலாம்ங்கிறதால டாப் கண்ணால கவனிச்சுக்கிட்டே இருக்கணும். உங்க முன்னாடி உக்காந்திருக்குறவங்க கிட்ட இதத்தான் கேக்கணும்: எல்லையப் பத்தி யாரு எப்போ பேசினீங்க, நிறுத்துன்னா நிக்குறாங்களா, முடிஞ்சதும் கூட யாரு இருந்தாங்க? "நிறுத்தச் சொன்னேன், நிக்கல"ன்னு பதில் வந்தா அது வன்முறை, அத வன்முறையாவே பாருங்க.

இன்னொண்ணு, சீன், அதாவது அப்படி ஒரு தடவை நடந்து முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல காரணமே இல்லாம அழுகை, சோர்வு சிலருக்கு வரலாம், பாட்டமா இருந்தவங்களுக்கு வந்தா இதுல இருக்குறவங்க சப் ட்ராப்ம்பாங்க, டாப்புக்கும் வரலாம். அத டிப்ரஷன்னு எழுதி மாத்திரை கொடுக்குறதுக்கு முன்னாடி, அது எப்போ ஆரம்பிச்சுது, எத்தன நாள் இருந்துச்சு, அப்போ பார்ட்னர் பேசினாரான்னு மட்டும் கேட்டுப் பாருங்க.