ஒரே நாளில் எட்டுத் திருத்தலங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 3, இயேசுவின் சீடர் தோமையாரின் திருநாள் நெருங்கினால் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகளில் ‘ஒரே நாளில் எட்டுத் திருத்தலங்கள், சென்னை யாத்திரை’ என்று நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். அந்த எட்டில் ஒன்று மெரினா, இன்னொன்று தி.நகர் துணிக்கடை! மீதியிலும் பாதியைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். பரங்கிமலை, சின்னமலை, லஸ் காட்டுக்கோயில், சாந்தோம் ஆகிய நான்கு போதும். ஐம்பது பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பகலில் அதுவே நிறைவு.

முதல் தவறு கிளம்பும் நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னையின் கத்திப்பாரா சந்திப்பு சுமார் 250 கி.மீ. வழியில் ஒரு டீ நிறுத்தம் சேர்த்து ஐந்து மணி நேரம். இரவு 10 மணிக்கே புறப்பட்டால் விடியற்காலை 3 மணிக்குப் போய்ச் சேர்ந்து, எந்தக் கதவும் திறக்காத நேரத்தில் கழிப்பறைகூட இல்லாமல் பேருந்துக்குள் முடங்க வேண்டியதுதான். பெண்களும் சர்க்கரை நோயாளிகளும் படும் பாடு சொல்லி முடியாது. இரவு 1.30 மணிக்குக் கிளம்புங்கள். தருமபுரிக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்பாக. கழிப்பறை நிறுத்தத்தை வாலாஜா தாண்டி வைத்துக்கொண்டால் பரங்கிமலை வரை கவலையில்லை.

ஓட்டுநரையும் யோசிக்க வேண்டும். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, நாளுக்கு எட்டு மணி நேரமே வேலை என்பது சட்டம். போக ஐந்து, வர ஐந்து, ஊருக்குள் இரண்டு எனக் கூட்டினாலே பன்னிரண்டு ஆகிவிடுகிறது. பேருந்து பேசும்போதே இரண்டு ஓட்டுநர் என்று எழுதி வாங்குங்கள். வாடகை கூடும், தலைக்குப் பிரித்தால் பெரிய தொகை வராது. பின்னிரவில் ஆம்பூர், வாணியம்பாடி சாலையில் கண் அசந்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பத்திரிகையை வாசிப்போருக்குத் தெரியும்.

பரங்கிமலையை வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். 160 கருங்கல் படிகள். பக்தியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவோர் உண்டு. 10 மணிக்கு மேல் அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது. இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் படிவழியிலேயே இருப்பதால் ஏறிக்கொண்டே செபிக்கலாம், மூச்சு வாங்கவும் அவகாசம் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கார் அல்லது ஆட்டோவில் மேலே அனுப்பிவிடுங்கள், சாலை இருக்கிறது. மேலே போனதும் கூட்டம் விமான நிலையத்தைப் பார்த்துப் படம் பிடிக்கப் போய்விடும். பார்க்க வேண்டியதோ கோயிலுக்குள், பீடத்தின் பின்னால் இருக்கிறது. 1547இல் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை அது. சுற்றிலும் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்து; பழைய பாரசீகத் திருச்சபையோடு இந்தக் கரைக்கு இருந்த தொடர்புக்குச் சாட்சி. 1558 டிசம்பர் 18 முதல் 1704 வரை அது பலமுறை இரத்தம் கசிந்ததாக மரபு. தோமையாரே செதுக்கியது என்று வழிகாட்டிகள் சொல்வதும் மரபுதான். அந்த எழுத்து பல நூற்றாண்டு பிந்தியது. மரபையும் வரலாற்றையும் பிரித்துச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடாது.

சின்னமலையில் குகைதான் முக்கியம். வாசல் குறுகல். ஐம்பது பேரும் ஒன்றாக நெருக்கினால் உள்ளே இருப்பவர் வெளியே வர வழியில்லை. ஐந்தைந்து பேராக, நான்கு நிமிடம் என்று கணக்கு வைத்தால் நாற்பது நிமிடத்தில் முடியும். காத்திருப்போர் 1551இல் கட்டிய பழைய கோயிலில் செபமாலை சொல்லலாம்.

அங்கிருந்து வடக்கே அடையாற்றைக் கடக்கும் மறைமலையடிகள் பாலத்தில் யாரும் தலை நிமிர்வதில்லை. 1726இல் அந்த இடத்தில் பழைய பாலத்தைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். காலையில் நீங்கள் ஏறிவந்த படிகளும் அவர் கொடையே. ஒலிபெருக்கியில் பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு இதைச் சொல்லுங்கள்.

லஸ் கோயில் 1516ஆம் ஆண்டுக்குரியது. சந்துக்குள் பெரிய பேருந்து நுழையாது. முதன்மைச் சாலையில் இறங்கி நடக்க வேண்டும். அரை மணி போதும்.

சாந்தோமைக் கடைசியாக வையுங்கள். சனி, ஞாயிறுகளில் பேராலயத்தில் திருமணமோ திருப்பலியோ நடந்துகொண்டே இருக்கும். உள்ளே விடவில்லை என்று திரும்பி வரும் குழுக்கள் அதிகம். தோமையார் கல்லறைக்குப் போக ஆலயத்தின் பின்புறம் தனி வழி உண்டு என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. இப்போதுள்ள ஆலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது புனிதப்படுத்தப்பட்டது. தலமோ மிகப் பழையது, 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவே குறிப்பிட்டது. தோமையாரின் உடல் முழுதும் இங்கே இருப்பதாக எண்ண வேண்டாம். எலும்புகள் இன்றைய துருக்கியிலுள்ள எடெஸ்ஸாவுக்குப் போய், பிறகு இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்தன. குழுவோடு குருவானவர் வந்து திருப்பலி நிறைவேற்றுவதானால் இரண்டு மூன்று வாரம் முன்பே தலத்து அதிபருக்குக் கடிதம் போக வேண்டும். அன்று காலையில் போய்க் கேட்டால் நேரம் கிடைக்காது.

திரும்பும்போது பிற்பகல் 2.30 மணிக்குக் கிளம்பிவிடுங்கள், இல்லையேல் இரவு உணவை முடித்து 8.30க்கு மேல். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பூந்தமல்லியையும் ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

இருபது பேருக்குக் குறைவென்றால் பேருந்தே வேண்டாம். கிருஷ்ணகிரிக்குத்தான் ரயில் இல்லையே தவிர, ஜோலார்பேட்டை பக்கம்தான். சென்ட்ரலில் இறங்கி, பச்சை வழித்தட மெட்ரோவில் பரங்கிமலை. பிறகு ஆலந்தூரில் நீலத் தடத்துக்கு மாறினால் கிண்டிக்கு அடுத்து சின்னமலை. அங்கிருந்து லஸ், சாந்தோமுக்கு ஆட்டோ.

இப்படிக்கு,
திருயாத்திரை ஒருங்கிணைப்போர் சிலர்,
கிருஷ்ணகிரி.