கண்ணாடி தழும்பு: பேடின் மென்மையைவிடக் கோணம் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூக்குக் கண்ணாடி அணிகிறவர்களின் மூக்கில் இருபுறமும் விழும் சிவந்த தழும்பைப் பற்றி நலவாழ்வுப் பக்கங்களில் அவ்வப்போது குறிப்புகள் வருகின்றன. பெரும்பாலானவை "மென்மையான சிலிக்கான் நோஸ் பேட் மாட்டிக்கொள்ளுங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. (நோஸ் பேட், சுருக்கமாகப் பேட், என்பது ஃபிரேமிலிருந்து வந்து மூக்கின் இருபுறமும் படியும் சிறு தாங்கி.) ஃபிரேம் பொருத்தும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது அரைக்கிணறு தாண்டிய யோசனையாகத்தான் படுகிறது. பேட் எதனால் ஆனது என்பதற்கு முன்னால், அது தோலில் எவ்வளவு பரப்பில், எந்தக் கோணத்தில் படிகிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. கண்ணாடியின் எடை 30 கிராம் என்று கொள்வோம். கனமான பகுதி முழுவதும் முன்னால் இருப்பதால் சுமையில் பெரும்பங்கை மூக்குதான் ஏற்கிறது. அது 24 கிராம் என்றால் ஒரு பேடின் பங்கு 12 கிராம். 13 மி.மீ. நீளமும் 7 மி.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவப் பேடின் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மி.மீ. அது முழுதாகப் படிந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 17 கிராம்தான் சுமை. அதே பேட் கோணம் பிசகி விளிம்பில் மட்டும் 10 சதுர மி.மீ. அளவுக்குத் தொட்டால், சுமை 120 கிராமாக ஏறிவிடும். ஏழு மடங்கு! மூக்கு ஆப்பு வடிவத்தில் இருப்பதால் உண்மையான அழுத்தம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் விகிதம் இதுதான். கண்ணாடியின் எடையில் 5 கிராம் குறைக்க விலை உயர்ந்த ஃபிரேமைத் தேடுகிறவர்கள், கோணத்தைச் சரிசெய்வதால் மட்டுமே அழுத்தம் ஏழில் ஒரு பங்காகக் குறையக்கூடும் என்பதை அறிவதில்லை.

சிலிக்கான் இந்தக் கோணப் பிழையைக் கொஞ்சம் மறைக்கும், சரிசெய்யாது. சிலிக்கான் பேடின் உள்ளே கடினமான பிளாஸ்டிக் அல்லது உலோகக் கரு இருக்கிறது. மேலே இருக்கும் மென்படலம் மெல்லியது. விளிம்பில் சுமை விழுந்தால் படலம் நசுங்கி, கருவின் ஓரமே தோலைக் குத்தத் தொடங்கும். அதோடு சிலிக்கான் தோலை நன்றாகப் பற்றிக்கொள்வதால், கண்ணாடி கீழே இறங்கும்போதெல்லாம் தோலையும் சேர்த்து இழுக்கும். கோணம் சரியாக அமைந்த கடினப் பேட், கோணம் பிசகிய சிலிக்கானைவிட எத்தனையோ மேல்.

பேடுக்கு மூன்று கோணங்கள் உண்டு. முகத்துக்கு எதிரே நின்று பார்த்தால், மூக்கு மேலே ஒடுங்கிக் கீழே அகல்கிறது. பேடுகளும் மேல்முனையில் நெருங்கிக் கீழ்முனையில் விலகி நிற்க வேண்டும். தொடக்க அளவாகச் செங்குத்துக் கோட்டிலிருந்து 20 டிகிரி சாய்வு வைப்பது வழக்கம். தலைக்கு மேலிருந்து பார்த்தால், மூக்குத்தண்டு முன்னால் ஒடுங்கிக் கண்ணின் பக்கம் விரிகிறது. பேடுகளின் முன்விளிம்புகள் நெருங்கியும் பின்விளிம்புகள் விலகியும் இருக்க வேண்டும். இதற்கு 25 முதல் 30 டிகிரி. மூன்றாவது, பக்கவாட்டில் பார்க்கும்போது தெரிவது. ஃபிரேமின் அடிப்பகுதி கன்னத்தை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு ஈடாகப் பேடின் கீழ்முனை ஃபிரேமுக்கு அருகிலும் மேல்முனை கொஞ்சம் தள்ளியும் இருந்தால்தான் பேட் மூக்கோடு ஒட்டி நிற்கும். இவை தொடக்க அளவுகள் மட்டுமே. குழந்தைகளின் மூக்குத்தண்டு முழுதாக எழும்பியிராது என்பதால் முதல் இரண்டு கோணங்களும் அவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். பெரியவர்களின் ஃபிரேமைச் சிறிதாக்கி விற்பது குழந்தைக் கண்ணாடி ஆகிவிடாது.

கோணம் பிசகியிருப்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், தழும்பே சொல்லிவிடும். இருபது நிமிடம் அணிந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பேடின் வடிவத்திலேயே, எங்கும் ஒரே நிறத்தில் லேசான சிவப்பு இருந்தால் கவலையில்லை. கீழ்ப்பாதியில் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் பேடுகளின் கீழ்முனைகள் அதிகமாக நெருங்கியிருக்கின்றன. அவற்றை விலக்க வேண்டும். மேலே மட்டும் பதிந்திருந்தால் அதற்கு நேர்மாறு. கண்ணின் உள்மூலையை ஒட்டிப் பிறை போன்ற கோடு விழுந்தால் பின்விளிம்பு குத்துகிறது, பின்புற விரிவு போதவில்லை. மூக்குத்தண்டின் முகட்டை ஒட்டிக் கோடு விழுந்தால் விரிவு அளவு மீறிவிட்டது. தழும்பு தெளிவாகத் தெரியாதவர்களுக்கு ஒரு வழி: பேடின் மேல் முகப்பவுடரை லேசாகத் தடவி, கண்ணாடியை அசைக்காமல் ஒருமுறை வைத்து எடுத்தால், பவுடர் தோலில் எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் பேட் தொடுகிறது.

சரிசெய்வதில் நடக்கும் தவறுகள் வேறு கதை. பேடைத் தாங்கும் மெல்லிய கம்பியில் இரண்டு இடங்களில் வளைவு கொடுக்கலாம். ஃபிரேமோடு சேரும் அடிப்பகுதியில் வளைத்தால் இரண்டு பேடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் மாறும். பேட் மாட்டியிருக்கும் நுனிக்கு அருகில் வளைத்தால் கோணம் மாறும். அவசரத்தில் பலர் பேடையே விரலால் பிடித்துத் திருகுகிறார்கள். அப்போது இரண்டும் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன, எது எதனால் வந்தது என்று பிறகு புரிவதில்லை. ஒரு தாடையில் பேட் அமரும் குழிவும் மறு தாடையில் கம்பியைப் பற்றும் பள்ளமும் உள்ள குறடு இதற்கென்றே இருக்கிறது. ஃபிரேமின் மூக்குப் பாலத்தை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு சிறு வளைவு, உடனே முகத்தில் வைத்துப் பார்ப்பது, பிறகு அடுத்தது. டைட்டானியக் கம்பி ஓரளவு திரும்பி வரும் என்பதால் அதைத் தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைக்க வேண்டும். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உலோகம் களைத்துப் பற்றவைத்த இடத்தில் ஒடிந்துவிடும். அதை மறுபடி பற்றவைக்கும்போது லென்ஸைக் கழற்றாமல் விட்டால் வெப்பத்தில் மேற்பூச்சு வெடிப்பு விடும்.

தூரத்தை மாற்றும்போது இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. பேடுகளை விலக்கினால் கண்ணாடி கீழே இறங்கும். நெருக்கினால் மேலே ஏறும். 20 டிகிரி சாய்வுள்ள மூக்கில் ஒவ்வொரு பேடையும் 1 மி.மீ. வெளியே தள்ளினால், கண்ணாடி ஏறக்குறைய 2.7 மி.மீ. இறங்கும் (1 மி.மீ.யை டேன் 20-ஆல் வகுத்தால் வரும் விடை). ஒற்றைப் பவர் லென்ஸ் அணிகிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. தூரத்துக்கு மேலேயும் வாசிப்புக்குக் கீழேயுமாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரெசிவ் லென்ஸ் அணிகிறவர்களுக்கு அப்படியல்ல. கண்மணிக்கு நேரே குறிக்கப்பட்ட புள்ளி அவ்வளவு இறங்கிவிட்டால், புத்தகம் வாசிக்கத் தாடையை உயர்த்த வேண்டிவரும். "லென்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று திரும்பி வரும் புகார்களில் லென்ஸுக்கு எந்தக் குறையும் இல்லாதவை இருக்கின்றன. அழுத்துகிறது என்று பேடை விலக்கியதே காரணம். அழுத்தத்தைக் குறைக்கத் தூரத்தைத் தொட வேண்டியதில்லை. முதலில் கோணம், அதிலும் தீராவிட்டால் பெரிய பேட்.

பேடை முன்பின்னாக நகர்த்தினாலும் பவர் மாறும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 12 முதல் 14 மி.மீ. இடைவெளி இருப்பது வழக்கம். மைனஸ் 8 பவர் உள்ளவரின் லென்ஸ் 2 மி.மீ. முன்னே நகர்ந்தால் பவர் சுமார் 0.13 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) குறைந்தது போலாகும். குறைந்த பவர்காரர்களுக்கு இது பொருட்டே அல்ல. மைனஸ் 8-ஐத் தாண்டினால் கவனிக்கத்தான் வேண்டும். மிகவும் உள்ளே தள்ளினால் இமைமுடி லென்ஸில் உரசி, அது எப்போதும் அழுக்காகவே இருக்கும்.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். சில பேடுகள் திருகில் நிற்கும், சில அமுக்கினால் பொருந்தும், சில ஒரு தகட்டில் செருகி நிற்கும். திருகின் தடிமன் 1 மி.மீ. அளவுதான், அளவு மாறிய திருகை வலிந்து திருப்பினால் பேடின் கருவே பிளந்துபோகும். கழன்ற பேடை வீட்டில் ஃபெவிகுவிக் போட்டு ஒட்டுகிறவர்கள் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்கிறார்கள். பேட் தன் கூட்டுக்குள் சில டிகிரி முன்னும் பின்னும் ஆட வேண்டும். அந்த ஆட்டம்தான் மூக்கின் வளைவுக்கு ஏற்பத் தானே திரும்பி முழுதாகப் படிய உதவுகிறது. பசை அந்த ஆட்டத்தை நிறுத்திவிடும். இன்னொரு அற்பத் தவறு: ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைவாகவும் இருக்கும் பேடுகளில் இடது, வலது என்று பிரிவு உண்டு. மாற்றி மாட்டினால் கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் விளிம்பு குத்தும். பேட் மாற்றிய மறுநாளே வலிக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கண்ணாடி வழுக்குவதற்குப் பேடைக் குறை சொல்வதும் உண்டு. காதுக் கம்பிகள் தலையின் அகலத்துக்குப் போதாமல் இறுக்கினால், அவை தலையின் சரிவில் கண்ணாடியை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலை எந்தப் பேடாலும் தடுக்க முடியாது. கம்பியின் வளைவு காதின் உச்சியைத் தாண்டித் தொடங்கினாலும் கண்ணாடி முன்னே நகர இடம் கிடைத்துவிடும். லென்ஸின் எடையும் சேர்த்தி: சாதாரணப் பிளாஸ்டிக்கான சிஆர்-39-இன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.32 கிராம், பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு 1.2, பிளாஸ்டிக் அல்லாத அசல் கண்ணாடிக்கு (கிளாஸ்) 2.5 அளவு. கண்ணாடி லென்ஸை அகலமான ஃபிரேமில் போட்டுவிட்டுப் பேடைத் திட்டுவதில் நியாயமில்லை.

பொருள் பற்றிச் சுருக்கமாக. பேடின் அடியில் பச்சை படிவது பாசியென்று சிலர் நினைக்கிறார்கள். அது கம்பியின் உலோகக் கலவையிலுள்ள செம்பு, வியர்வையோடு சேர்ந்து உண்டாக்கும் களிம்பு. பூச்சு தேய்ந்துவிட்டது என்பதன் அடையாளம். பேடை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மீண்டும் வரும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது அரிப்பையும் கொண்டுவரும். தோலோடு நெடுநேரம் உரசும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. அத்தகையவர்கள் தூய டைட்டானியத்தைக் கேட்டு வாங்கலாம். சிலிக்கான் மஞ்சளாகி இறுகுவது தோலின் எண்ணெயை அது உறிஞ்சுவதால். வெதுவெதுப்பான நீரும் ஒரு துளிப் பாத்திரச் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் கூடவே கூடாது. அது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிரேமைக் கரைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால், நடுவில் பிளவுள்ள தடிப்பு உருவாகலாம். தோல் மருத்துவர்கள் இதை அகாந்தோமா ஃபிசுராட்டம் என்பார்கள். பார்வைக்குத் தோல் புற்றுநோய் போலவே தோன்றுவதால் வீணாகப் பயமுறுத்தும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவதுதான் சரி. அழுத்தம் நீங்கினால் இந்தத் தடிப்பு பெரும்பாலும் தானே வடியும்.

கடைசியாக, தயாரிப்பாளர்களிடம் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. காதுக் கம்பியின் உட்புறத்தில் 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது இரு லென்ஸ்களுக்கும் இடையிலுள்ள தூரம், மூன்றாவது கம்பியின் நீளம். ஃபிரேம் அளவீட்டுக்கென ஐஎஸ்ஓ 8624 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. ஆனால் அந்த 18-ஐப் பார்த்து மூக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 18 என்று எழுதிய இரண்டு ஃபிரேம்களில் ஒன்று மூக்கில் அழகாக அமரும், மற்றது கன்னத்தில் போய் நிற்கும். பேட் எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது எண்ணில் இல்லை. பேடைச் சரிசெய்யவே முடியாத பிளாஸ்டிக் ஃபிரேம்களில் இது இன்னும் மோசம். மூக்குத்தண்டின் முகடு கண்மணி மட்டத்துக்குக் கீழே அமைந்தவர்களுக்கு அவை எப்போதும் வழுக்கும். நெடுங்காலம் உயர்ந்த மூக்குத்தண்டை அளவாகக் கொண்டு வார்க்கப்பட்டவை அவை. இப்போதுதான் சில நிறுவனங்கள் பேட் பகுதியைத் தடித்து, சாய்வைக் கூட்டி, "லோ பிரிட்ஜ்" என்ற பெயரில் தனியாக விற்கின்றன. கம்பியில் இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்து அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்? பேட் நீளமும் முகத்துக்கு எதிரே நின்று பார்க்கும்போது தெரியும் சாய்வும் தெரிந்தால், ஆன்லைனில் வாங்குகிறவர்கள்கூடத் தங்களுக்குப் பொருந்திய பழைய கண்ணாடியோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

அதுவரை வாசகர்களுக்கு: புதுக் கண்ணாடியை வாங்கிய உடனே கடையை விட்டு வெளியேறாதீர்கள். இருபது நிமிடம் அணிந்திருங்கள். குனிந்து செருப்பு மாட்டிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள். சிரிக்கும்போது கன்னம் ஃபிரேமைத் தூக்கினால் பேட் உயரம் குறைவு. பிறகு கழற்றி, மூக்கின் இருபுறத் தழும்பையும் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, எந்தப் பக்கம் எங்கே ஆழமாக விழுந்திருக்கிறது என்று அங்கேயே காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஃபிரேம் பொருத்தும் தொழிலாளர்கள் சிலர்