பென் டேப்லெட்டில் அழுத்தம் வரவில்லையா? பேனாவை மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷுக்கு வேலை குறைந்துபோய், மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, இப்போது ஒரு பிரிண்டிங் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். உங்கள் பத்திரிகையில் மாணவர்களுக்கான பக்கத்தை விடாமல் படிக்கிறேன், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்றெல்லாம் நன்றாகவே எழுதுகிறீர்கள். படம் வரையும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கும் தெரியவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதை நீங்கள் வெளியிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க, பாப்பா ரெண்டு நாளா சாப்பிடல" என்று பையிலிருந்து ஒரு பென் டேப்லெட்டை, அதாவது கம்ப்யூட்டரில் சொருகிப் பேனாவால் வரையும் பலகையை, எடுத்து வைத்தார். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், ஓவியக் கல்லூரியில் சேர ஆசை, அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் கிம்ப் என்ற வரையும் மென்பொருளைப் போட்டு வரைந்து பழகுகிறாள். பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமனில் கோடு வருகிறது. புதுச்சேரியில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள், அவர்கள் பார்த்துவிட்டு "பேனாவில் சென்சார் போச்சு, புதுப் பேனா வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். வாங்கினார். இரண்டாயிரத்துச் சொச்சம். புதுப் பேனாவிலும் அதே தட்டைக் கோடுதான். அடுத்து டேப்லெட்டையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அதைச் சரிசெய்யப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. பழைய பேனா, புதுப் பேனா, டேப்லெட், எதிலும் பழுது இல்லை. கிம்ப்பில் ஓர் இடத்தில் 'டிசேபிள்டு' என்று இருந்ததை மாற்றினேன், அவ்வளவுதான். அந்த மனிதர் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அழுத்தம் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பிரஷ் பிடித்த எவரையும் கேளுங்கள். அழுத்தினால் முடி விரிந்து கோடு தடிக்கும், தூக்கினால் நுனி கூடி மயிரிழையாக முடியும். 'அ' எழுதும்போது சுழியில் லேசாகத் தொட்டு, வளைவில் இறக்கி, வாலில் தூக்கி விடுவோம். அந்த ஏற்ற இறக்கம்தான் எழுத்துக்கு உயிர். மவுஸ் பிடித்து டிசைன் போட்ட வருஷங்களில் என் கையெழுத்து எனக்கே அந்நியமாகத் தெரிந்தது, எல்லாம் கம்பி வளைத்த மாதிரி. முதல்முதலாக பென் டேப்லெட்டில் அழுத்தி இழுத்தபோது திரையில் கோடு தடித்து மெலிந்ததைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். என் குருநாதர் சொல்லிக்கொடுத்த கை அப்படியே திரும்பி வந்தது. வரையக் கற்கும் பிள்ளைக்கு அழுத்தம் கிடைக்கவில்லை என்றால் கை எதையுமே கற்றுக்கொள்ளாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேனாக்கள் பெரும்பாலானவற்றில் பேட்டரி கிடையாது. கீழே இருக்கும் பலகை ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது, பேனாவுக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு பதில் அனுப்புகிறது. பேனாவின் முனையான நிப் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் என்று இரண்டையும் பலகை அந்தப் பதிலிலிருந்து கண்டுபிடிக்கிறது. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நிப் இருக்கும் இடத்தை கம்ப்யூட்டர் சாதாரண மவுஸ் மாதிரி எடுத்துக்கொள்ளும், அதற்கு டேப்லெட் கம்பெனியின் டிரைவர் (டேப்லெட்டை கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) கூட சில சமயம் தேவைப்படாது. ஆனால் அழுத்தம் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமானால் டிரைவர் சரியாக இருக்க வேண்டும், வரையும் மென்பொருளும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதனால்தான் அம்புக்குறி ஜோராக நகரும், கோடும் விழும், அழுத்தம் மட்டும் வராது. கடைக்காரர் நகர்வதைப் பார்க்கிறார், "டேப்லெட் நல்லா இருக்கு, பேனாதான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

எனவே முதலில் செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. டிரைவரோடு வரும் செட்டிங் பக்கத்தைத் திறந்தால், அநேகமாக எல்லாக் கம்பெனியிலும் பேனா அழுத்தத்தைப் பார்க்க ஒரு கட்டம் இருக்கும். அதில் பேனாவை வைத்து மெல்ல அழுத்துங்கள். பட்டை ஏறி இறங்கினால், அல்லது எண் கூடிக் குறைந்தால், பேனாவும் பலகையும் டிரைவரும் மூன்றுமே நலம், கோளாறு வரையும் மென்பொருளிலோ, டிரைவரிலிருந்து அதற்குப் போகும் வழியிலோ இருக்கிறது. அங்கேயே அசையவில்லை என்றால்தான் டிரைவரையும் பேனாவையும் பார்க்க வேண்டும். நெல்லிக்குப்பம் பெண்ணின் லேப்டாப்பில் எண் அழகாக ஏறியது. இதை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

கிம்ப் என்றால் எடிட் மெனுவில் 'இன்புட் டிவைசஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் உங்கள் டேப்லெட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, மோடு என்ற இடத்தில் 'டிசேபிள்டு' இருந்தால் 'ஸ்கிரீன்' என்று மாற்றி, சேவ் செய்ய வேண்டும். அதோடு விடாமல், பிரஷ் கருவியின் கீழே 'டைனமிக்ஸ்' என்ற இடத்தில் 'டைனமிக்ஸ் ஆஃப்' என்றிருப்பதை 'பிரஷர் சைஸ்' ஆக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு "அப்போதும் வரவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. இன்னொன்று, கிம்ப் 2.10 பதிப்பில் டேப்லெட்டை முதலில் சொருகிவிட்டு அப்புறம் மென்பொருளைத் திறக்க வேண்டும், திறந்த பிறகு சொருகினால் அதற்குத் தெரியாது.

ஃபோட்டோஷாப்பில் எஃப்5 அழுத்தினால் பிரஷ் செட்டிங் வரும், அதில் 'ஷேப் டைனமிக்ஸ்' போய் 'கன்ட்ரோல்' என்பதை 'பென் பிரஷர்' ஆக்க வேண்டும். பக்கத்தில் ஒரு முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி தெரிந்தால், அழுத்தம் வந்து சேரவில்லை என்று மென்பொருளே சொல்கிறது என்று அர்த்தம். கோரல் டிராவில் 'ஆர்ட்டிஸ்டிக் மீடியா' கருவியில்தான் அழுத்தம் இருக்கிறது, சாதாரண ஃப்ரீஹேண்ட் கோட்டில் தேடினால் கிடைக்காது.

அடுத்தது கொஞ்சம் சிக்கலானது, ஆனால் விண்டோஸில் அழுத்தம் திடீரென்று காணாமல் போவதற்கு நான் பார்த்த வரையில் இதுதான் அதிகமான காரணம். பேனாவின் அழுத்தம் மென்பொருளுக்குப் போக விண்டோஸில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று வின்டேப், 1990களில் இருந்து வருவது. இன்னொன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் இங்க், 2016இல் விண்டோஸ் 10க்கு வந்த அப்டேட்டோடு பரவலானது. டிரைவர் ஒரு பாதையில் அனுப்பி, மென்பொருள் வேறு பாதையில் காத்திருந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஃபோட்டோஷாப் இப்போது வழக்கமாக விண்டோஸ் இங்க் பாதையில் காத்திருக்கும், ஆகவே டிரைவரில் 'யூஸ் விண்டோஸ் இங்க்' என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். யாரோ "அந்த டிக்கை எடுத்தால் பேனாவைச் சுற்றி வட்டம் வராது" என்று சொன்னதைக் கேட்டு எடுத்துவிடுகிறார்கள், வட்டத்தோடு அழுத்தமும் போய்விடுகிறது. அந்த வட்டம் பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆவதற்கான விண்டோஸ் வசதி, அதை கன்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' பகுதியில் தனியாக நிறுத்திக்கொள்ளலாம். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் இந்தத் தொந்தரவு குறைவு. செட்டிங்ஸில் டேப்லெட் பக்கத்திலேயே இரண்டு பாதைகளும் எழுதியிருக்கும், ஒன்றில் வரவில்லை என்றால் மற்றதைத் தேர்ந்தெடுத்து மூடித் திறக்கலாம். அதே பக்கத்தில் அழுத்தத்தைச் சோதிக்கும் கட்டமும் உண்டு. காசும் கிடையாது. கற்கிற பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

எனக்கே ஒரு தடவை நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். முதல் டேப்லெட் பழசாகி வேறு கம்பெனியுடையது வாங்கினேன். பழைய டிரைவரை எடுக்காமலே புதியதைப் போட்டுவிட்டேன். முதல் நாள் நன்றாக இருந்தது, மறுநாள் கல்யாணப் பேனர் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அழுத்தம் போய்விட்டது. ராத்திரி முழுக்க மல்லுக்கட்டினேன். இரண்டு கம்பெனி டிரைவர்களும் வின்டேப்புக்கான ஒரே பெயருள்ள கோப்பை விண்டோஸ் ஃபோல்டரில் வைக்கின்றன, ஒன்று மற்றதன் மேல் ஏறிவிடுகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இரண்டையும் நீக்கி, மறுபடி ஸ்டார்ட் செய்து, இப்போதிருக்கும் டேப்லெட்டின் டிரைவரை மட்டும் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அழுத்தம் போனாலும் இதே வைத்தியம்தான். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் 'பிரைவசி' பகுதியில் 'அக்சஸிபிலிட்டி', 'இன்புட் மானிட்டரிங்' இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். 2019இல் வந்த கேட்டலினா முதல் அந்தக் கண்டிப்பு இருக்கிறது.

அரசு லேப்டாப் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள், யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வாக்கம் என்ற கம்பெனியின் டேப்லெட்டுகளுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் திறந்து கிம்ப்பில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அங்கே அழுத்தம் வந்தால் பேனா பிழைத்தது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

பேனா உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். நிப் பிளாஸ்டிக்தான், சொரசொரப்பான பலகையில் தேய்ந்து தேய்ந்து குட்டையாகிவிடும், மாற்று நிப் பெரும்பாலும் பெட்டியிலேயே வரும், சின்ன வளையத்தால் பிடுங்கி மாற்ற வேண்டியதுதான். பேனாவை நிப் கீழே இருக்கும்படி டம்ளரில் நிறுத்தி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சென்சார் ராத்திரி முழுக்க அழுந்திக் கிடக்கும். பிரஷை முடி கீழே இருக்க நிறுத்தினால் என் குருநாதர் கையில் அடிப்பார், அதே பாடம் இங்கேயும். அப்புறம் நம் ஊர் உப்புக் காற்று. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் இருப்பவர்கள் கேபிள் முனையைக் கவனியுங்கள், பச்சை பூத்திருந்தால் டேப்லெட் விட்டு விட்டு வேலை செய்யும். கேபிளை மாற்றிப் பார்ப்பது பேனா மாற்றுவதை விட மிகவும் மலிவு. ஹப்பில் சொருகாமல் நேராகக் கம்ப்யூட்டரில் சொருகியும் பாருங்கள்.

பெட்டியில் 2048, 4096, 8192 என்று அழுத்தப் படிகளின் எண்ணிக்கையைப் போட்டு விலையை ஏற்றுகிறார்கள். 2048 உள்ள பலகையில்தான் நான் வருஷக்கணக்காக எழுதுகிறேன், கைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டிரைவரில் இருக்கும் அழுத்த வளைவை உங்கள் கைக்குத் தகுந்தபடி மென்மையாகவோ கடினமாகவோ வைப்பதில்தான் வித்தியாசம் தெரியும். என் கை கனம், கடினத்தின் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பூப்போன்ற கை, அவளுக்கு மென்மையின் பக்கம் வைத்துக் கொடுத்தேன். வைத்ததும் 'ழ' ஒன்று எழுதிக் காட்டினாள் பாருங்கள், கடையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, பத்து பொருள் விற்கும் இடத்தில் பத்தையும் அறிந்திருக்க முடியாது. ஆனால் பேனாவை மாற்றச் சொல்வதற்கு முன் அந்தச் சோதனைக் கட்டத்தைத் திறந்து ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுங்கள், வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே.

ஆசிரியர் அவர்களே, இந்தச் செட்டிங்குகள் எல்லாம் ஆங்கிலத்தில் மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கின்றன, உதவிக் குறிப்புகளும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. மாணவர் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, கிம்ப், கிரிட்டா, ஃபோட்டோஷாப் மூன்றுக்கும் எங்கே தட்ட வேண்டும் என்று திரைப் படங்களோடு தமிழில் போடுங்கள். படங்களை நானே எடுத்து, அம்புக்குறி போட்டு அனுப்பிவைக்கிறேன், ஒரு பைசா வேண்டாம். விடுமுறை முடிந்து கல்லூரி திறப்பதற்குள் வந்தால் நல்லது, புதுப் பிள்ளைகள் டேப்லெட் வாங்கும் சமயம் அதுதான்.

இப்படிக்கு,
பழைய போர்டு பெயின்டர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர் - 2