வெள்ளைக் குதிரைப் பாலத்திலிருந்து அப்பாவுக்கு

வெம்பிளி, லண்டன்
14.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "சரியாயிருச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். நீங்கள் உள்ளதை எழுதுங்கள்.

போன வாரம் பேசும்போது, "அங்க பஸ்ஸெல்லாம் எப்படி ஓடுது?" என்று கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ராமநாதபுரம்–ராமேஸ்வரம் ரூட்டில் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர் கேட்கும்போது இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இருக்கும் அறையின் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் வெம்பிளி கால்பந்து ஸ்டேடியத்தின் மேலே நிற்கும் இரும்பு வளைவு தெரியும். 133 மீட்டர் உயரம். எந்தத் தெருவில் வழி தவறினாலும் அதைப் பார்த்துத் திசை பிடித்துக்கொள்வேன், நம்ம ஊர்க்காரர்களுக்குப் பாம்பன் கலங்கரை விளக்கம் போல. உள்ளே 90,000 பேர் உட்காரலாம். முன்பு அதைச் சுற்றி வண்டி நிறுத்தும் திடல்கள்தான் இருந்தனவாம். இப்போது அந்த இடமெல்லாம் அடுக்குமாடி வீடுகள், கடைகள், ஓட்டல்கள். இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கிரேன் இல்லாத வானத்தை நான் இங்கே பார்த்ததே இல்லை. வண்டி நிறுத்த இடம் குறைந்ததால் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ரயிலில்தான் வருகிறார்கள். ஆட்ட நாளில் சுற்றுவட்டாரத் தெருக்களில் பெர்மிட் இல்லாமல் வண்டியை நிறுத்த முடியாது, இரவு 12 மணி வரை. தெரு முனையில் அடுத்த ஆட்ட நாளின் தேதியைப் பலகையில் போட்டுவிடுகிறார்கள்.

நம்ம வீட்டில் காலண்டரில் அமாவாசை பார்த்துவிட்டுத்தானே ராமநாதபுரம் போகும் நாளை முடிவு செய்வோம்? இங்கே நான் ஆட்டத் தேதி பார்த்துக்கொள்கிறேன். வந்த புதிதில் அது தெரியாமல்தான் அவஸ்தைப்பட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஆடும் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டம், லிவர்பூல் அணியும் கிரிஸ்டல் பேலஸ் அணியும். நான் வேலையாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மம்மாவின் வீடு ஸ்டேடியத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்குப் போய் சாப்பாடு கொடுத்து, சர்க்கரை மாத்திரையும் கொடுக்க வேண்டும். 83ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். வழக்கமாக நேரே கொண்டுபோய் விடும். அன்று ஹை ரோட்டிலேயே நிறுத்தி, பஸ் இதற்கு மேல் போகாது என்று சொல்லிவிட்டார் டிரைவர். யாரும் சத்தம் போடவில்லை, ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர் முகத்தைப் பார்த்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. தை அமாவாசைக்கு வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லி, பாட்டிமார்களை மூட்டையோடு இறக்கிவிட்டு வந்த ராத்திரிகளில் நீங்கள் சாப்பிடாமலே படுத்துவிடுவீர்கள்.

சரி, நடந்தேன். ஹை ரோட்டிலிருந்து ஸ்டேடியத்துக்குப் போக ரயில் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் உண்டு. பெயர் வெள்ளைக் குதிரைப் பாலம். பெயரின் கதையை அம்மம்மாதான் பிறகு சொன்னார். பழைய ஸ்டேடியம் திறந்த 1923ஆம் வருஷம் ஏப்ரல் 28 அன்று அங்கே நடந்த முதல் கோப்பை இறுதி ஆட்டம். எல்லா டிக்கெட்டையும் முன்கூட்டி விற்கவில்லை. கணக்கில் வந்தது 126,047 பேர். சுவர் ஏறியும் கதவைத் தள்ளியும் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் கணக்கு இல்லை, இரண்டு லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். மைதானமே தெரியாமல் ஜனம். பில்லி என்ற வெளிர்நிறக் குதிரையில் வந்த ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரரும் மற்றவர்களும் சேர்ந்து கூட்டத்தைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்களாம். ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அந்தக் குதிரையின் பெயரில்தான் பாலம்.

நான் பாலம் தாண்டி, ஸ்டேடியத்தைச் சுற்றி ஒலிம்பிக் வே என்ற அகன்ற நடைவழிக்கு இறங்கும்போது ஆட்டம் முடிந்துவிட்டது. பெனால்டியில் பேலஸ் ஜெயித்திருந்தது. படிக்கட்டு முழுக்க ஜனம். அந்த நடைவழியின் மறுமுனையில்தான் வெம்பிளி பார்க் ரயில் நிலையம். வேறு இரண்டு நிலையங்கள் இருந்தாலும் பெரிய கூட்டம் இங்கேதான் வரும். கணக்குப் பாருங்கள் அப்பா. ஒரு ரயிலில் நெருக்கி நின்றால் ஏறத்தாழ ஆயிரம் பேர். பாதிக் கூட்டம் வந்தால்கூட 45 ரயில் வேண்டும். எல்லாரையும் ஒரே மூச்சில் உள்ளே விட்டால் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நிற்பவன் தண்டவாளத்தில் விழுவான்.

அதனால் நிலையத்துக்கு வெளியே, திறந்த வெளியிலேயே நிறுத்துகிறார்கள். குதிரைப் போலீஸ் குறுக்கே நிற்கிறது. ஆரஞ்சுச் சட்டை போட்ட பணியாளர்கள் கையில் நீளக் கம்பில் பலகை வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பக்கம் திரும்பினால் நில், பச்சைப் பக்கம் திரும்பினால் போ. ஒரு கூட்டம் உள்ளே போய் ரயில் ஏறிய பிறகுதான் அடுத்த கூட்டத்துக்குப் பச்சை. எனக்கு முன்னால் ஒரு அப்பா, பையனைத் தோளில் வைத்திருந்தார். பையன் தூங்கிவிட்டான். அவன் கையிலிருந்த துண்டுக் கொடி ஒவ்வொரு தடவை கூட்டம் நகரும்போதும் என் நெற்றியில் வந்து உரசியது. பக்கத்தில் நின்ற குதிரையின் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. பயமாக இல்லை, அப்பா. அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். அத்தனை பேருக்கு நடுவில் நின்றும் என் விலா எலும்பை யாரும் அழுத்தவில்லை.

ஆனால் ஐந்தரை மணி போய்விட்டது. பணியாளர் பெண்ணிடம் என் அடையாள அட்டையைக் காட்டி, வயதான ஒருவர் மாத்திரைக்குக் காத்திருக்கிறார் என்றேன். ஓரமாக வழிவிட்டு அனுப்பினார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறே கால். அம்மம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "தேர் பாக்கப் போற சனம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்றார். நல்லூர்த் தேரை நினைத்துச் சொல்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நம்ம கடலுக்கு எதிர்க்கரை. அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

அந்த முக்கால் மணி நேரத்துக்கு என் கம்பெனியில் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்தியது நானா? கூட்டத்தை அழைத்து வந்தது நானா? ஸ்டேடியத்தைச் சுற்றி வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தோம், ஆட்ட நாள்களில் எங்கள் நேரத்தை மாற்றித் தர வேண்டும் என்று. இரண்டு வாரம் இழுத்தடித்து ஒத்துக்கொண்டார்கள். இப்போது கூட்டம் கலைவதற்கு முன்னாலேயே போய்விடுகிறேன். பிடித்த காசு வரவில்லை. விளையாட்டுக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவு யோசித்துச் செய்கிறவர்கள், நடுவில் குடியிருக்கும் கிழவிக்கும் அவளுக்குச் சோறு கொடுக்கப் போகிறவளுக்கும் ஒரு வழி யோசித்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று. இந்த மாதம் கோல்ட்ப்ளே என்ற பாட்டுக் குழுவின் கச்சேரி 7, 8 தேதிகளில் இங்கே நடக்க இருந்தது. அதே நாள்களில் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ரயில் இல்லாமல் எண்பதாயிரம் பேரைப் பத்திரமாகக் கொண்டுவந்து திருப்பி அனுப்ப முடியாது என்று கச்சேரியையே 6, 12 தேதிகளுக்கு மாற்றிவிட்டார்கள். வண்டி இல்லையென்றால் விழாவே இல்லை! இதை உங்கள் டெப்போ நண்பர்களிடம் சொல்லுங்கள்.

நம்ம ராமேஸ்வரம் தீவுக்கும் ஒரே சாலைதான். 1988இல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த மறுவருஷம் வேலையில் சேர்ந்தவர் நீங்கள். கடலைப் பார்க்கவும் பக்கத்தில் இருக்கும் புது ரயில் தூக்குப் பாலத்தைப் படம் பிடிக்கவும் ரோட்டுப் பாலத்து நடுவில் காரை நிறுத்துகிறவர்களால் ஆம்புலன்ஸ்கூட நகர முடியாமல் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் திறந்த வெளிக்கா பஞ்சம்? அங்கேயே நிறுத்தி, தீவுக்குள் இருப்பது வெளியே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் என்ன? நீங்கள் வண்டி ஓட்டிய காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த நடைவழியில் சிவப்புப் பலகைக்கு முன்னால் நின்றபோது புரிந்தது.

வரும் 21ஆம் தேதி மகாளய அமாவாசை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவை முழங்காலுக்குக் காட்ட அந்த இரண்டு மூன்று நாளில் ராமநாதபுரம் கூட்டிப் போகாதீர்கள், பாலத்தில் மாட்டிக்கொண்டால் அவளால் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. 24க்கு மேல் காலை முதல் ட்ரிப்பில் போய்வாருங்கள். பணம் அதற்குள் வந்துவிடும்.

27, 28 தேதிகளில் இங்கே மறுபடி கச்சேரி. அந்த இரண்டு ராத்திரியும் நான் வீடு திரும்ப நேரமாகும். போன் வரவில்லையே என்று விழித்துக்கொண்டு இருக்க வேண்டாம். மறுநாள் காலையில் நானே கூப்பிடுகிறேன்.

அன்பு மகள்