ஆண்டறிக்கை 2024–25: காய வழக்குகளும் ஏ.ஆர். பதிவுகளும்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மருத்துவ நண்பர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் கிளையின் மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் காயச் சான்றிதழ்களைப் படித்துப் பார்ப்பதிலேயே சென்றன. பெயரும் முகவரியும் மறைத்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல்களை வைத்துப் பேசினோம். இருசக்கர வாகன விபத்தென்றால் முழங்கால், முழங்கை, நெற்றிச் சிராய்ப்பு. அடிதடியென்றால் தலைக்காயம், தடுக்கப்போன முன்கையில் கன்றல். பிழை மலிந்திருப்பது தலைக்காயத்தில்தான்.

மண்டையோட்டின் மேல் தோல் இறுகியிருப்பதால், தடியடி பட்டாலும் கத்தியால் கீறியதுபோல் நேராகப் பிளந்துகொள்ளும். அவசரத்தில் அதை 'வெட்டுக் காயம்' என்று எழுதிவிடுகிறார்கள். தையல் போட்டபின் சரிபார்க்க வழியில்லை. முடியை மழிக்குமுன் ரத்தத்தைத் துடைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். விளிம்பில் கன்றல், உள்ளே அறுபடாமல் குறுக்கே ஓடும் இழைகள், நசுங்கிய முடிவேர்கள் இருந்தால் அது கிழிந்த காயம். கத்தி பட்டிருந்தால் முடியும் சீராக அறுபட்டிருக்கும். சான்றிதழ் வெட்டு என்கிறது, சாட்சி கட்டை என்கிறார்: அடிபட்டவரின் வழக்கைச் சாய்க்க இந்த முரண் ஒன்றே போதும்.

'நெற்றியில் காயம்' என்பது பதிவே அல்ல. '3 × 1 செ.மீ., வலது புருவத்துக்கு 2 செ.மீ. மேலே' என்று இருக்கட்டும். குத்துக் காயத்தின் ஆழம் பார்க்கக் கம்பி விடாதீர்கள். உறைந்த ரத்தம் நகர்ந்து மறுபடி பீறிடும், இல்லாத பாதையும் உண்டாகும். அறுவை அரங்கில் கண்ட ஆழத்தையே எழுதுங்கள்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 116-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. சட்டம் கடுமையானதெனப் பிரிக்கும் கொடுங்காயத்தின் எட்டாம் வகையில், வலியோ இயலாமையோ நீடிக்க வேண்டிய காலம் 20 நாள் என்றிருந்தது 15 நாளாகியிருக்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 320-ஆம் பிரிவின் 20 நாளே பொருந்தும். ஆகவே சம்பவத் தேதியைப் பாருங்கள். 15 நாள் வார்டில் படுத்திருந்தார் என்பதால் மட்டும் கொடுங்காயமாகிவிடாது. கடும் வலியோ, அன்றாட வேலை செய்ய இயலாமையோ அத்தனை நாளும் இருந்ததற்கு நோயாளிக் குறிப்பில் ஆதாரம் வேண்டும்.

எலும்பு முறிவு போலவே பல் முறிவும், பல் இடம்பெயர்தலும் கொடுங்காயம்தான். ஆனால் பல் மருத்துவரின் கருத்தில்லாமல் எழுதினால் நிற்காது. ஈறு நோயால் முன்பே ஆடிய பல்லா என்ற கேள்வி கட்டாயம் வரும்.

மிக வருத்தமான குறை, 'எக்ஸ்ரே பார்த்தபின் கருத்து' என்று எழுதி அப்படியே விட்டுவிடுவது. பதிவு செய்தவர் மாறுதலில் போய்விடுகிறார், எக்ஸ்ரே எண் எங்கும் இல்லை, காயம்பட்டவர் சான்றிதழுக்காக அலைகிறார். கருத்து நிறுத்திவைத்த பதிவுகளுக்குத் தனி நோட்டு போட்டு, மாறுதலாகிறவர் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் முறையைப் பரிந்துரைக்கிறோம்.

உறுப்பினர்கள் பணிபுரியும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு லென்ஸும் மில்லிமீட்டர் அளவுகோலும் கிளை நிதியில் வாங்கித்தர ஒப்புதல் கோரி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயலாளர்