நோட்ஸ் அனுப்ப மாட்டேன், மா

அன்புள்ள டீச்சர்,

உன்னை இப்படி அழைக்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? வேலை உத்தரவு வந்த கையோடு ஐந்தாம் படிவத்துக் கூடுதல் கணிதத்தையும் (எட் மேத்ஸ்) உன்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துபோனது. ஆனால் நீ கேட்ட அந்த நோட்ஸ் தாளை அனுப்பப் போவதில்லை. வரிசைமாற்றமும் சேர்மானமும் வரும் நான்காவது அத்தியாயத்துக்கு நான் வருஷா வருஷம் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்த இரண்டு பக்கம். மூன்று வாரம் யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

இதைப் பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் பொதுவில்தான் எழுதினாய். பிலிஹ் ஆத்துர், அதாவது வரிசைமாற்றம், உனக்குப் புரியவே இல்லை, மனப்பாடம் செய்துதான் தப்பித்தாய் என்று நீ போட்டதை நம் இருவரையும் தெரிந்த நாலைந்து பேர் எனக்கு அனுப்பிவைத்தார்கள். பள்ளியின் பெயரை நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

எனக்கு அந்தப் போர்டுதான் ஞாபகத்தில் நிற்கிறது. வெவ்வேறான நான்கு எழுத்தை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, பதிலையும் நானே 4!, அதாவது 4 × 3 × 2 × 1, என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து வந்து மார்க்கரை வாங்கிக்கொண்டாய். பி, னா, ங், கு என்று தலைப்புப் போட்டு நான்கு பத்தி பிரித்தாய். முதல் பத்தியில் பினாங்கு, பினாகுங், பிங்னாகு, பிங்குனா, பிகுனாங், பிகுங்னா என்று ஆறு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. இரண்டாவது எழுத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு கடைசி இரண்டை மட்டும் மாற்றிப் போட்டாய். மற்ற மூன்று பத்தியும் அதே ஒழுங்கில் வந்தன. மொத்தம் 24.

அதோடு நிற்கவில்லை நீ. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று சொல்லி, ங் பத்தி முழுவதையும் ஒரே கோட்டில் அடித்தாய். ஆறு போய் 18. ங் சொல்லுக்குக் கடைசியிலும் வராது என்று மிச்சமிருந்த மூன்று பத்தியிலும் இரண்டிரண்டை அடித்தாய். 12. அடுத்ததற்கு மார்க்கரைத் தூக்கியபோது நான் டஸ்டரை எடுத்தேன். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் கணிதத் தாளில் தமிழில் கேள்வி வராது என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் அழித்தேன்.

மன்னித்துக்கொள், மா. இதைச் சொல்ல இவ்வளவு நாள் எடுத்திருக்கக் கூடாது.

அன்றைக்கு என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. முதல் தாளில் 120 நிமிடத்துக்கு 80 மதிப்பெண், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். அதில் 24 வரி எழுத யாருக்கும் முடியாது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, உன் பக்கத்தில் இருந்தவன் பலகையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான். அத்தியாயத்தை அந்த வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். இதெல்லாம் உண்மை. நான் அழித்தது மூன்று நாள் பாடம் என்பதும் உண்மை. நான்கு பத்தி, பத்திக்கு மூன்று ஜோடி, ஜோடிக்கு இரண்டு: 4 × 3 × 2 × 1 அங்கே கண்ணுக்குத் தெரிந்தபடி நின்றது. கட்டுப்பாடு உள்ள இடத்தை முதலில் பார்ப்பதும், வேண்டாததைக் கழிப்பதும் அதே போர்டில் இருந்தன. நான் அதற்குப் பதிலாக எழுதியது ஒரு ஆச்சரியக்குறி.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று எனக்கு வலித்தது. அந்த நோட்ஸ் தாளை வைத்துத்தான் நீ ஏ வாங்கினாய். வாங்கிய அன்றைக்கு எனக்குப் போன் செய்து அழுதாய், நானும் அழுதேன். பதினொரு வருஷம் அது நன்றாகத்தான் இருந்தது. புரியவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

சரி. உனக்குத் திங்கட்கிழமை பாடம் இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் இரண்டு பீரியடில் சூத்திரம் எதுவும் வேண்டாம். கால்குலேட்டர் பைக்குள் இருக்கட்டும். வரிசைமாற்றத்தை நேராகக் கணக்கிட்டுத் தரும் என்பிஆர் (nPr) பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளைகள் அதற்குப் பிறகு யோசிக்க மாட்டார்கள். பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வர மூன்று வழி: ஃபெரி, 1985இல் திறந்த முதல் பாலம், 2014இல் திறந்த இரண்டாவது பாலம். போய்த் திரும்ப எத்தனை விதம்? 3 × 3 = 9. போன வழியில் திரும்பக் கூடாது என்றால்? 3 × 2 = 6. ஒன்பதையும் எழுதச் சொல், மூன்றை அடிக்கச் சொல். எப்போது பெருக்குவது, எப்போது கூட்டுவது என்று கேட்பார்கள். ஒரு வேலையைச் செய்த பிறகு இன்னொன்றையும் செய்ய வேண்டும் என்றால் பெருக்கல். இதையோ அதையோ, ஏதோ ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கூட்டல். இந்த இரண்டும் குழம்பினால் அத்தியாயம் முழுவதும் குழம்பும்.

அதற்கடுத்துக் கட்டங்கள். 0 முதல் 5 வரை ஆறு இலக்கங்கள், திரும்ப வராமல், நான்கு இலக்க இரட்டை எண் எத்தனை? பிள்ளைகள் இடமிருந்து வலமாகத்தான் நிரப்புவார்கள், கடைசிக் கட்டத்துக்கு வந்து மாட்டிக்கொள்வார்கள். எந்தக் கட்டத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறதோ அதுதான் முதலில். இங்கே இரண்டு கட்டத்துக்குக் கட்டுப்பாடு: கடைசியில் இரட்டை வேண்டும், முதலில் 0 கூடாது. 0 இரண்டிலும் சம்பந்தப்பட்டிருப்பதால் அதைப் பிரித்துவிட வேண்டும். கடைசியில் 0 என்றால் 5 × 4 × 3 = 60. கடைசியில் 2 அல்லது 4 என்றால் முதல் கட்டத்துக்கு 4, நடுவில் 4, 3, ஆக 2 × 4 × 4 × 3 = 96. மொத்தம் 156. நிறையப் பேர் 180 என்று எழுதுவார்கள். சிவப்பில் அடித்துவிடாதே. அது 3 × 5 × 4 × 3, அதாவது 0வில் தொடங்குவதையும் சேர்த்து எண்ணியது. அப்படித் தொடங்குபவை எத்தனை என்று கேள். 2 × 4 × 3 = 24 என்று அவர்களே சொல்வார்கள், 180இலிருந்து கழித்து 156க்கு வந்து சேர்வார்கள். தவறான விடையிலிருந்தே சரியான விடைக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு மறக்காது.

0! ஏன் 1 என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். விதி என்று சொல்லிவிடாதே, நான் அப்படித்தான் சொன்னேன். 4! = 24, நான்கால் வகுத்தால் 3! = 6, மூன்றால் வகுத்தால் 2, இரண்டால் வகுத்தால் 1, ஒன்றால் வகுத்தால் மறுபடியும் 1. ஒரு படி கீழே இறங்கினால் போதும். கால்குலேட்டரை வெளியே எடுக்க விடும் நாளில் 69! போட்டுப் பார்க்கச் சொல், 70! போட்டால் பிழை என்று காட்டும். எண் அவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைக் கை உணர வேண்டும்.

ஒரே மாதிரிப் பொருள்களுக்கு மணிலா அட்டை. பினாங்கை ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், எழுதினால் பி, ஈ, என், ஏ, என், ஜி: ஆறு அட்டை. இரண்டு ‘என்’ எழுத்தில் ஒன்றைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் எழுது. நிறம் தெரிந்தால் 6! = 720. நிறத்தை மறைத்தால் இரண்டிரண்டு வரிசைகள் ஒன்றாகிவிடும், 360. இரண்டால் ஏன் வகுக்கிறோம் என்பதை அட்டையே சொல்லிவிடும், நீ வாய் திறக்க வேண்டாம்.

அதே அட்டையில் இன்னும் தோண்டலாம். உயிரெழுத்து இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்றால் ஈயையும் ஏயையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. ஐந்து பொருள், அதில் ‘என்’ இரண்டு: 5! ÷ 2! = 60. கட்டுக்குள் இடம் மாறலாம், 2!. ஆக 120. இந்த 2! பாதிப் பேருக்கு விட்டுப்போகும். ‘என்’ இரண்டும் சேர்ந்து என்றால் 5! = 120தான், உள்ளே மாற்றிப் போட எதுவுமில்லை. இங்கே அதே ஆட்கள் பழக்கத்தில் 2!ஐப் போட்டுவிடுவார்கள். இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

‘என்’ இரண்டும் சேரவே கூடாது என்றால் 360 − 120 = 240. இடைவெளி முறையிலும் செய்ய விடு. மற்ற நான்கும் 4! = 24 விதம், அவற்றுக்கு நடுவிலும் இரு ஓரத்திலுமாக ஐந்து இடைவெளி, அதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 10. 240. ஐந்துக்கு இரண்டு என்பிஆர் போட்டவனுக்கு 20 வரும், விடை 480 ஆகும். மொத்தமே 360 தானே, அதிலிருந்து 480 எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடு. விடையை மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த அத்தியாயத்தில் எந்தச் சூத்திரத்தையும்விடப் பெரிது.

வட்ட மேசைக்கு நான்கு நாற்காலியும் நான்கு பிள்ளைகளும் போதும். எல்லோரையும் ஒரு இடம் தள்ளி உட்காரச் சொல். பக்கத்தில் இருப்பவர் மாறினாரா? இல்லை. நான்கு தடவை தள்ளினாலும் அதே வட்டம்தான், அதனால் 24 ÷ 4 = 6. ஒருவரை அசையாமல் வைத்தால் 3!, அதுவும் 6. ஆறு பேர் உட்கார 5! = 120, அதில் குறிப்பிட்ட இருவர் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாதென்றால் சேர்ந்து வரும் 4! × 2 = 48ஐக் கழித்து 72. இடைவெளி முறையில் போகிறவர்கள் வட்டத்துக்கு ஓரம் இல்லை என்பதை மறப்பார்கள். நான்கு பேருக்கு நடுவே நான்கே இடைவெளி: 3! × 4 × 3 = 72. ஐந்து என்று எடுத்தால் 120 வரும், அதாவது கட்டுப்பாடே இல்லாத விடை. மணிமாலை வந்தால் இன்னும் இரண்டால் வகுக்க வேண்டும். மாலையைத் திருப்பிப் போடலாம், மேசையைச் சுற்றி இருக்கிற மனிதரைத் திருப்பிப் போட முடியாது.

சேர்மானத்துக்கு, அதாவது காபுங்கானுக்கு, போகும்போது மலாய்ப் பெயரையே பயன்படுத்திக்கொள். பிலிஹ் என்றால் தேர்ந்தெடு, ஆத்துர் என்றால் அடுக்கு. இரண்டு வேலையும் பெயரிலேயே இருக்கின்றன. தேர்ந்தெடுப்பதோடு நின்றால் காபுங்கான். தேர்ந்தெடுத்த ஆர் (r) எண்ணிக்கைப் பொருளை அடுக்கவும் செய்தால் அதை ஆர்!ஆல் பெருக்கு. நம் வரிசைமாற்றம் என்ற சொல் நல்ல சொல்தான், ஆனால் அதில் தேர்வு தெரியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே சோதனை: இரண்டு பேரை இடம் மாற்றினால் விடை வேறாகுமா? தலைவர், செயலாளர் என்றால் ஆகும். வெறும் இரண்டு பேர் கொண்ட குழு என்றால் ஆகாது. இதை அவசரப்பட்டுக் கடக்காதே. அடுத்த அத்தியாயத்தில் பைனோமியல் பரவல் வரும்போது இங்கே புரியாதவர்கள்தான் விழுவார்கள்.

சனிக்கிழமை தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாய் அல்லவா, அங்கே இன்னொன்று சொல். லீலாவதி என்ற கணித நூலில், 12ஆம் நூற்றாண்டில், பாஸ்கரர் இதே கணக்கைக் கேட்கிறார். சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கையும் நான்கு கைகளில் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஹரிக்கு எத்தனை உருவம்? 24. பத்துக் கையில் பத்துப் பொருள் ஏந்திய சம்புவுக்கு, அதாவது சிவனுக்கு? 36,28,800. நீ போட்ட நான்கு பத்தியும் ஹரியின் நான்கு கைகளும் ஒரே கணக்கு. அன்றைக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது, மா. தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன்.

அட்டைகளைத் தபாலில் அனுப்புகிறேன். ரூமி ஆறும், தமிழ் நான்கும். தமிழ் அட்டைகள் இந்த வாரம் எழுதியவை. அவற்றை மேசையில் பரப்பி, நீ விட்ட இடத்திலிருந்து நானே தொடர்ந்தேன். 12 வரை நீ வந்திருந்தாய். ங் வந்தால் பின்னாலேயே கு வந்தாக வேண்டும், இந்த நான்கு எழுத்துக்குள் அதற்கு வேறு துணை இல்லை. ஆகவே ங்கு ஒரு கட்டு. வரிசை மாறாத கட்டு, அதனால் உள்ளே 2! கிடையாது. கட்டும் மற்ற இரண்டும் சேர்ந்து 3! = 6, கட்டு முதலில் நிற்பவை 2, அவை போனால் 4. னாவில் சொல் தொடங்காது, இன்னும் இரண்டு போயின. மிஞ்சியது பிங்குனா, பினாங்கு.

மார்க்கரைத் தூக்கிக்கொண்டு நின்றாயே, இதைத்தான் சொல்ல வந்தாயா?

இப்படிக்கு,
உன் பழைய எட் மேத்ஸ் சார்