வண்டியை ஏன் இரண்டு நாள் விட்டுப் போகச் சொல்கிறோம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பட்டறைக்கு ஒரே புகாரோடு இருசக்கர வண்டிகள் வரும். ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் நன்றாகப் போகிறது, அப்புறம் திணறி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் விட்டு உதைத்தால் மறுபடி ஓடுகிறது. “கார்புரேட்டரைக் கழுவிக் கொடுங்க, சாயங்காலம் எடுத்துக்கிறேன்” என்பீர்கள். நாங்கள் இரண்டு நாள் கேட்கிறோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இப்படி நின்று நின்று ஓடும் வண்டியில் கோளாறு பெரும்பாலும் டேங்கில்தான். துருவும் மண்ணும் டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் வலையில் அப்பிக்கொள்ளும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். வண்டி குடிக்கும் வேகத்துக்கு அது போதாது. நிறுத்தி வைத்தால் மெல்ல நிரம்புகிறது, திரும்ப ஓடுகிறது. கார்புரேட்டரை மட்டும் கழுவினால் மேலே இருக்கும் கசடு மறுபடி இறங்கி அதிலுள்ள ஜெட்டை, அதாவது பெட்ரோல் பாயும் சிறு துளையை, அடைக்கும். டேங்கின் அடிமட்டப் பெட்ரோலை எடுக்கும் ரிசர்வில் போட்டதும் நிற்கிற வண்டி என்றால் சந்தேகமே வேண்டாம், கசடு அடியில்தான் கிடக்கும்.

டார்ச் அடித்துப் பார்த்தாலும் டேங்கின் மூலை தெரியாது. (தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்! வேண்டாம் சாமி.) அதனால் டேப்பைக் கழற்றி, அடியில் கிடக்கும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வைப்போம். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தங்கும், அதன்மேல் கோடு போட்டதுபோல் பெட்ரோல் நிற்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டி மிஞ்சுவதை விரலில் தேய்ப்போம். செங்காவியாக ஒட்டினால் துரு, நறநறத்தால் மண். இதை உங்கள் கண்முன்னே செய்து காட்டுகிறோம்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் வகை. அவற்றில் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் வலை அடைத்தால் மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காது. பம்பை மாற்றினால் செலவு அதிகம். முதலில் டேங்கையும் வலையையும் பார்க்க விடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு துளை இருக்கும். மழைத் தண்ணீர் அதன் வழியாக வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். அது மண்ணில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி மூடி வழியே உள்ளே கசியும். பிரஷர் பம்ப்பில் கழுவும்போதும் இதேதான். மெல்லிய கம்பியால் அந்தத் துளையை நீங்களே குத்திவிடலாம். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால், ஈரக்காற்றுக்கு உள்ளே இடம் இல்லாதபடி டேங்கை நிரப்பி வையுங்கள்.

சரி, இரண்டு நாள் எதற்கு? துருவை எடுக்க டேங்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினால் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் நல்ல இடத்துப் பூச்சும் உரிந்துபோகும், நாங்கள் அதைச் செய்வதில்லை. எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்து டேங்கில் ஊற்றி இரவு முழுக்க ஊறவைப்போம். காலையில் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, காற்று அடித்து உலர்த்தி, பெட்ரோல் விட்டுக் கழுவுவோம். ஈரம் இருந்தால் அன்றைக்கே மறுபடி துரு பிடிக்கும் என்பதால் உலர்த்துவதில் அவசரப்பட முடியாது. ஓட்டை விழுந்த டேங்கை மட்டும் இங்கே பற்றவைத்துத் தர மாட்டோம். காலி டேங்கில் தங்கி நிற்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

வரும்போது பெட்ரோல் குறைவாக வைத்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம்: ஞாயிறு பட்டறை விடுமுறை, கரைசல் அதிக நேரம் ஊறினால் நல்ல இரும்பையும் அரித்துவிடும்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து